கடல்பாசியும் குப்பைமேட்டுக் காற்றும்

என் வீட்டுக்காரருக்கு உத்தியோகம் காற்றைப் பிடிப்பது. சொன்னால் சிரிப்பீர்கள். கல்யாணத்துக்கு முன்னால் "மாப்பிள்ளை மெட்ராசில் ஒரு பெரிய டாக்டரிடம் ஆராய்ச்சி செய்கிறார்" என்றுதான் தரகர் சொன்னார். ஆராய்ச்சி என்றால் குப்பைமேட்டில் கண்ணாடித் தட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்று விளக்கியிருந்தால் என் வாப்பா கொஞ்சம் யோசித்திருப்பார். நான் யோசித்திருக்க மாட்டேன். அதற்குள் அப்துல் அலீமைப் போட்டோவில் பார்த்துவிட்டேன்.

நிக்காஹ் முடிந்ததும் டாக்டர் அவரை மதுரையிலேயே இருந்து வேலை பார்க்கச் சொல்லிவிட்டார். வேலை இதுதான். ஆட்டெலும்பை வேகவைத்த சாற்றில் கடல்பாசியைப் போட்டுக் காய்ச்சி, மூடி போட்ட சின்ன வட்டத் தட்டுகளில் ஊற்றினால் ஆறியதும் உறைந்துவிடும். நோன்பு மாதத்தில் பாலும் சீனியும் போட்டு நாம் செய்வோமே, அதே கடல்பாசிதான். அந்தத் தட்டை ஆரப்பாளையத்துக்கு அப்பால் ஊர்க்குப்பை கொட்டும் மேட்டுக்குக் கொண்டுபோய், கொஞ்ச நேரம் திறந்துவைத்து, மூடி எடுத்து வருவார். பிறகு டிரங்குப் பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைப்பார். என் டிரங்குப் பெட்டி, என் துணிகள். சில நாளில் காற்றில் மிதந்து வந்து விழுந்ததெல்லாம் புள்ளி புள்ளியாக முளைக்கும். மஞ்சள், வெள்ளை, கறுப்பு, அப்புறம் ஒரு பச்சைப் பூசணம். அந்தப் பச்சைதான் எல்லா வம்புக்கும் மூலம்.

மெட்ராஸ் டாக்டர் மூளைக்கட்டியை ஆராய்கிறவர். தலையிலிருந்து அறுத்தெடுத்த கட்டியைச் சன்னமாகச் சீவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். ஒரு துண்டைக் கடல்பாசித் தட்டில் வைத்துப் பார்த்தபோது அதில் பச்சைப் பூசணம் முளைத்ததாம். இது எப்படி மண்டைக்குள் போனது என்று அவருக்கு ஒரே யோசனை. என் வீட்டுக்காரர் அனுப்பிய குப்பைமேட்டுத் தட்டிலும் அதே பச்சையைக் கண்டதும் மனுஷர் துள்ளிக் குதித்துவிட்டார். குப்பைமேட்டுக் காற்றுதான் மூளைக்கட்டியை விதைக்கிறதோ என்று சந்தேகப்படுவதாக ஒரு கூட்டத்தில் பேசினார். பேப்பர்காரன் சந்தேகத்தை விட்டுவிட்டு மீதியை அச்சடித்தான்.

யுத்த காலம் அது. ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்துவிட்டிருந்தான். ஊரில் சீனி கிடைப்பதே பெரும்பாடு. அப்போதுதான் நோன்பு பிறந்தது. பிறந்து இரண்டொரு நாள்கூட ஆகவில்லை, அன்னக்கொடி அந்தப் பேப்பரைக் கசக்கிப் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

அன்னக்கொடியின் அப்பா மலைச்சாமி, குப்பையை ஏலம் எடுத்து எருவாக்கி மேற்கே பயிர் செய்யும் சம்சாரிகளுக்கு விற்கிறவர். ஏலம் எடுப்பது அவர், ஏவி வேலை வாங்குவது இவள். வண்டிக்காரர்கள் மலைச்சாமிக்குப் பயப்பட மாட்டார்கள், இவள் குரலுக்குப் பயப்படுவார்கள். என் வீட்டுக்காரர் தட்டு வைக்கும்போது நாய் வராமல் காவல் நிற்பதும் இவள்தான்.

"அக்கா, அண்ணன் எங்க?"

"உள்ள இருக்காக. ஏன், என்னா?"

"வரச்சொல்லுங்க. எங் கல்யாணத்தக் கெடுத்துப்புட்டு உள்ள ஒக்காந்து என்னா செய்யிறாரு?"

சோழவந்தானுக்கு இந்தப் பக்கம் ஒரு ஊரில் வெற்றிலைத் தோட்டம் வைத்திருக்கும் பேயாண்டியின் மகன் தவசிக்கு அவளைப் பேசி முடித்திருந்தார்கள். ஐப்பசியில் கல்யாணம். பரிசம்கூடப் போட்டாயிற்று. யாரோ ஒரு புண்ணியவான் டீக்கடையில் பேயாண்டிக்கு இந்தப் பேப்பரைச் சத்தமாக வாசித்துக் காட்டிவிட்டான். குப்பைமேட்டுக் காற்றிலேயே வளர்ந்த பெண், மண்டைக்குள் கட்டி விதை விழுந்திருக்கும், நமக்கு வேண்டாம் என்று பேயாண்டி ஆள்விட்டுச் சொல்லிவிட்டார்.

என் வீட்டுக்காரர் வெளியே வந்து, "நான் அப்படிச் சொல்லலத்தா" என்றார்.

"நீங்க சொல்லல. ஒங்க தட்டு சொல்லிருச்சு. இப்ப அதே தட்ட வச்சு இல்லேன்னு சொல்லச் சொல்லுங்க."

"அதெப்படி, ஆராய்ச்சின்னா..."

"எனக்கு ஆராய்ச்சியெல்லாம் தெரியாதுண்ணே. ஐப்பசி வருது. அதுதேன் தெரியும்."

சொல்லிவிட்டு அழுதாள். நாயை ஒரு அதட்டில் ஓட்டுகிற அன்னக்கொடி அழுவாள் என்று நான் நினைத்ததே இல்லை. தவசி என்ன சொல்கிறான் என்று கேட்டேன். "அவரா? அவுகப்பா முன்னாடி வாயத் தொறந்தா முத்து உதிந்துரும்ல?" என்று மூக்கைச் சிந்தினாள். அவள் போனபிறகு நான் என் வீட்டுக்காரரைப் பார்த்த பார்வையில் அவருக்கு அன்று நோன்பு இரண்டு மடங்காகத் தெரிந்திருக்கும்.

அவர் மட்டும் என்ன செய்வார்? டாக்டரிடம் தப்பு என்று சொல்லக் கையில் ஏதாவது வேண்டும். அதற்குத் தட்டு வைக்க வேண்டும், தட்டுக்குக் கடல்பாசி வேண்டும். கடல்பாசியோ ஜப்பானிலிருந்து கப்பலில் வருகிற சரக்கு. கப்பல் நின்றுபோய் மாதக்கணக்காகிவிட்டது. கடைத்தெருவில் கிடைத்த கடைசிக் கட்டுகளை நோன்புக்கென்று நான்தான் தேடிப் பிடித்து வைத்திருந்தேன். அவர் பாதி கேட்டார். நோன்பு வீட்டில் கடல்பாசியைக் கேட்பதும் கல்யாண வீட்டில் தாலியைக் கேட்பதும் ஒன்றுதான். அன்னக்கொடி முகத்துக்காகக் கொடுத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை அவர் பாகத்தை எலும்புச்சாற்றில் காய்ச்சித் தட்டுகளில் ஊற்றி, ஒரு பிஸ்கோத்து டின்னில் அடுக்கினார். நான் என் பாகத்தைப் பாலில் காய்ச்சினேன். வருஷா வருஷம் எங்கள் வீட்டிலிருந்து பள்ளிவாசலுக்கு நோன்பு திறக்கக் கடல்பாசி போகும். பீங்கான் கிண்ணங்களை ஏற்கெனவே கஞ்சிக்கு இரவல் கொடுத்துவிட்டேன். ஆகவே அவர் கொதிநீரில் போட்டு எடுத்துவைத்திருந்த மிச்சத் தட்டுகளில் ஊற்றினேன். மதுரையிலேயே அவ்வளவு சுத்தமான பாத்திரம் வேறு எங்கே இருக்கிறது? உறைந்ததும் இன்னொரு பிஸ்கோத்து டின்னில் அடுக்கினேன். இரண்டு டின்னும் ஒரே கம்பெனி.

சாயங்கால அஸர் தொழுகையை முடித்துவிட்டு அவர் அவசரமாக ஒரு டின்னைத் தூக்கிக்கொண்டு போனார். பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் வந்தார், நான் மற்ற டின்னைக் கொடுத்தேன்.

குப்பைமேட்டில் நடந்ததை அன்னக்கொடி எனக்குப் பிறகு நடித்தே காட்டினாள். தட்டுகளை வரிசையாகத் திறந்துவைத்துவிட்டு இவர் ஒதுங்கி நின்றிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் எறும்பு வந்தது. ஒரு எறும்பு இரண்டு எறும்பு அல்ல, சித்திரைத் திருவிழாக் கூட்டம். இவருக்குச் சந்தேகம். குனிந்து முகர்ந்து பார்த்தார். நாக்கில் வைத்துப் பார்க்க முடியாது, நோன்பு.

"அன்னக்கொடி, இதக் கொஞ்சம் என்னானு பாரு."

அவள் விரலால் வழித்து நக்கிவிட்டு, "அண்ணே, ஏலக்கா போட்டிருக்கு" என்றிருக்கிறாள்.

"ஏய், காத்துல தொறந்து வச்சத நக்காத!"

"இந்தக் காத்துலதாண்ணே பொறந்ததுலருந்து கஞ்சி குடிக்கிறேன். சீனி கொஞ்சம் தூக்கல்."

இவர் தட்டுகளை அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். ஆரப்பாளையத்திலிருந்து எங்கள் பள்ளிவாசல்வரை ஒரு ஆராய்ச்சிக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடுவதை ஊரே பார்த்திருக்கிறது. பாதி வழியில் பாங்குச் சத்தம் கேட்டுவிட்டது. போய்ச் சேரும்போது எல்லோரும் நோன்பு திறந்து, ருசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஜமாத்துப் பெரியவர் முகைதீன் பிச்சை ராவுத்தர் பல் இல்லாத வாயால் சப்புக்கொட்டி, "தம்பி, கடல்பாசியில எலும்புச்சாறு! நோன்பு வச்ச ஒடம்புக்கு இதுல்ல மருந்து! எந்த ஊருப் பக்குவம்? ஹைதராபாத்தா?" என்றாராம். "சீனி போட மட்டும் புள்ள மறந்துருச்சு போல."

யா அல்லா! அந்தத் தட்டுகள் இன்னும் குப்பைமேட்டைப் பார்க்காதவை, நன்றாகக் கொதித்த சாறு என்பது ஞாபகம் வந்தபிறகுதான் இவருக்கு மூச்சே வந்தது. வயிற்றுவலி ஒருவருக்கும் இல்லை. அடுத்த வெள்ளிக்கும் அதே பதார்த்தம் வேண்டுமென்று ஆள்விட்டுக் கேட்டார்கள். சாப்பிடாமல் தாழ்வாரத்தில் திறந்து கிடந்த சில தட்டுகளை மட்டும் மூடி எடுத்துக்கொண்டு வந்தார். கடல்பாசி கிடைக்காத நாளில் அதைக் கொட்ட அவருக்கு மனசு வரவில்லை. டிரங்குப் பெட்டிக்குள் வைத்தார்.

அன்று எங்கள் வீட்டில் நடந்த சண்டையை எழுதினால் தனிப் புத்தகமாகும். டின்னைத் திறந்து பார்க்காமல் தூக்கிக்கொண்டு போனவர் அவர். இன்றுவரை இதுதான் என் கட்சி.

சில நாள் கழித்துப் புடவை எடுக்கப் பெட்டியைத் திறந்தேன். பள்ளிவாசல் தட்டுகளில் பச்சைப் பூசணம் அழகாகப் படர்ந்திருந்தது. குப்பைமேட்டுத் தட்டில் எப்படிப் படருமோ அப்படியே.

"என்னங்க, பள்ளிவாசல்லயும் குப்ப கொட்டுறாங்களா?" என்று கேட்டேன். வம்புக்குத்தான் கேட்டேன்.

அவர் தட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "சைனபு, நான் இத்தன நாளும் குப்பைமேட்டுல மட்டும்தானே தட்டு வச்சேன்? வேற எங்கயுமே வைக்கலையே!" என்றார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. குப்பைமேட்டில் மட்டும் தேடினால் குப்பைமேட்டில்தானே கிடைக்கும்? இது எல்லாக் காற்றிலும் திரிகிற சரக்கு. டாக்டரின் அறைக் காற்றில் மட்டும் இல்லாமலா போகும்? கட்டித் துண்டைத் தட்டில் வைத்தபோது மேலேயிருந்து விழுந்திருந்தால்? இவர் என் இடுப்பைப் பிடித்துத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். பட்டப்பகல், ஜன்னல் திறந்திருக்கிறது, நோன்பு வேறு. அடுத்த வீட்டு மைதீன் பீவி பார்த்துவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அன்றே மெட்ராசுக்குத் தந்தி பறந்தது. டாக்டர் தம் மேஜைமேலேயே ஒரு தட்டைத் திறந்துவைத்துப் பார்க்க வேண்டும், பெருநாள் கழித்து அதை எடுத்துக்கொண்டு நேரில் வரவேண்டும் என்று.

ஆனால் டாக்டர் ஒப்புக்கொண்டால் போதுமா? பேயாண்டி ஒப்புக்கொள்ள வேண்டுமே! பேப்பரில் வந்ததைப் பேப்பரில் மறுத்தாலும் அந்த டீக்கடைப் புண்ணியவான் வாசிப்பானா? "அவுக வீட்டுலயே ஒரு தட்டு வைப்போம்" என்று நான்தான் சொன்னேன். பெருநாளுக்கென்று ஒளித்துவைத்திருந்த கடைசிக் கட்டுக் கடல்பாசியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். வயிறு எரியத்தான் செய்தது. பெருநாள் அன்றைக்குக் கடல்பாசி இல்லாத வீடு எங்கள் தெருவிலேயே எங்கள் வீடாகத்தான் இருக்கும்.

நானும் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு கிளம்பிவிட்டேன். சோழவந்தான் ரயிலில் ஜன்னல் ஓரம் எனக்கு. வயலும் தென்னையும் வாய்க்காலுமாக ஓடியதைப் பார்த்து, போகிற காரியமே மறந்துவிட்டது. பேயாண்டி வீடு வெற்றிலைக் கொடிக்காலை ஒட்டியே இருந்தது. அவர் கனத்த மீசையும் கனத்த சரீரமுமாக எங்களை வரவேற்று இளநீர் வெட்டப் போனார். நோன்பு என்றதும் மனுஷருக்குச் சங்கடமாகிவிட்டது. நல்ல மனுஷர்தான், காதுதான் பலவீனம். எது விழுந்தாலும் நம்பிவிடும்.

விஷயத்தைச் சொன்னதும் அவர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"எங் காத்துலயா? பாயி, இது கொடிக்கால் காத்து. ஆசுபத்திரிக்காரன் காசு குடுத்தாலும் கெடைக்காது. வச்சுப் பாரும். இதுல அந்தப் பச்ச பூத்துச்சுன்னா, அந்தப் புள்ளய நானே வண்டி கட்டிப் போயி கூட்டியாரேன்."

"பூக்கலேன்னா?" என்று நான் கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"பூக்கலேன்னா இந்தப் பேச்ச இத்தோட விட்டுருங்கம்மா. அந்தப் பிள்ளைக்கு வேற எடம் பாத்துக்கிறட்டும்."

பக்கத்து வீட்டார் நாலைந்து பேர் கேட்டுக்கொண்டு நின்றார்கள். இவர் தட்டைக் கொஞ்ச நேரம் திறந்துவைத்து மூடி, அந்த வீட்டிலேயே விட்டார். தவசி வெற்றிலைக் கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றான். நெடுநெடுவென்று ஆள். வாய் மட்டும் பூட்டு. திரும்பி வருகிறபோது ரயிலில் எனக்கு ஜன்னல் பிடிக்கவில்லை. எல்லாக் காற்றிலும் இருக்கும் என்று இவர் சொல்கிறார். அந்தக் காற்று நிஜமாகவே சுத்தமாக இருந்து தொலைத்தால்? அன்னக்கொடியின் கல்யாணத்தை ஒரு கண்ணாடித் தட்டில் வைத்துவிட்டு வந்திருக்கிறோமே! பெருநாள்வரை என் துஆ முழுக்கப் பூசணம் முளைக்க வேண்டும் என்பதுதான். இப்படி ஒரு துஆ அல்லாவிடம் அதற்கு முன் போயிருக்காது.

பெருநாளுக்கு மறுநாள் டாக்டர் வந்து இறங்கினார். தலைப்பாகை, கோட்டு, வெயில் தாங்காத வெள்ளை முகம். கையில் ஏதோ கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தார். பேயாண்டி வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவர் அதைப் பிரிக்கவே இல்லை. அன்னக்கொடியும் எங்களோடு வந்தாள். தலைக்குப் பூ வைத்திருந்தாள், பிடுங்கி எறிந்தாள், திரும்ப வைத்துக்கொண்டாள்.

பேயாண்டி வீட்டு முற்றத்தில் ஊரே கூடியிருந்தது. கயிற்றுக்கட்டிலில் இவர் தட்டுகளை வைத்து ஒவ்வொன்றாகத் திறந்தார். குப்பைமேட்டுத் தட்டில் பச்சை அங்கங்கே. பள்ளிவாசல் தட்டில் அதேபோல் அங்கங்கே. பேயாண்டி வீட்டுத் தட்டைத் திறந்தார்.

தட்டே தெரியவில்லை. முழுக்கப் பச்சை! கொடிக்கால் தோற்றது. கூட்டம் 'ஓ'வென்று கத்தியது. நான் துப்பட்டியை மறந்து கைதட்டிவிட்டேன்.

டாக்டர் கைக்குட்டையை அவிழ்த்தார். அவர் மேஜைமேல் வைத்த தட்டு. அதிலும் பச்சை.

"என் ரூம் காத்துல இருந்தது என் தட்டுல விழுந்திருக்கு. நான் அது மண்டைக்குள்ள இருந்ததா நினைச்சுட்டேன்" என்றார். "மூளைக்கட்டி எதனால வருதுன்னு எனக்கு இன்னும் தெரியல. இதனால வரதா சொல்ல என்கிட்ட ஆதாரமே இல்லை. இந்தப் பொண்ணைப் பத்தி யாரும் பயப்பட வேண்டாம்." அவர் அன்னக்கொடியைப் பார்த்துக் கும்பிட்டார். அவ்வளவு பெரிய படிப்புப் படித்தவர் அப்படிச் சொன்னது எனக்குக் கண்ணில் நீர் வரவைத்தது.

பேயாண்டி விடுவாரா? "அதெல்லாஞ் சரி சாமி. எல்லாக் காத்துலயும் இருக்குன்னா எம் வீட்டுல மட்டும் ஏன் இம்புட்டு? குப்பமேட்டவிடவா?"

டாக்டருக்கும் அது ஆச்சரியம்தான். மூக்கை உறிஞ்சிக்கொண்டே வீட்டுக்குப் பின்பக்கம் போனார். கூட்டமும் போனது. அங்கே கூரை உயரத்துக்கு ஒரு எருக்குவியல். உடைந்த சட்டியும் கந்தலும் கலந்த மதுரை ஊர்க்குப்பை எரு.

"இது ஏது?"

"எம் மகன் தோட்டத்துக்குன்னு ஏத்தியாந்து கொட்டுறான்" என்றார் பேயாண்டி.

அவர் சம்சாரம் ஒச்சாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "தோட்டத்துக்கு ஒரு வண்டி போதும். இவன் வாரந்தவறாம ஓட்டுறான். மொளகாச் செடி வைக்கக்கூட எடமில்ல. எதுக்குடான்னா பதிலே இல்ல" என்றாள்.

அன்னக்கொடி தவசியைப் பார்த்தாள். "பெரிய தோட்டமுன்னுல்ல நெனச்சேன்!"

"சின்னத் தோட்டந்தேன்" என்றான் தவசி. அன்றைக்குத்தான் அவன் குரலையே கேட்டேன்.

பேயாண்டி தலையைத் தடவிக்கொண்டார். "அப்பன்னா இம்புட்டு நாளும் நான் குப்பமேட்டுக் காத்தத்தான் மோந்துக்கிட்டு இருந்தேனா? ஏலேய், எந் தலைக்குள்ள ஒண்ணும் இல்லையே?"

"அது நான் வாக்கப்பட்டு வந்த அன்னைக்கே தெரியும்" என்றாள் ஒச்சாயி.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. டாக்டர் கட்டுத்தறியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்னக்கொடி மட்டும் சிரிக்கவில்லை. இடுப்பில் கைவைத்துக்கொண்டு தவசிக்கு முன்னால் போய் நின்றாள்.

"எருவு ஏத்தத் தெரிஞ்சவருக்கு, ஒங்கப்பா என்னய வேணாமுன்னு சொன்னப்ப ஒரு வார்த்த பேசத் தெரியலையா?"

தவசி தரையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"எனக்கு வண்டி கட்டத்தேன் தெரியும். அவரு வேணாமுன்னதுக்குப் பெறகும் ஒங்க மேட்டுக்கு ஓட்டியாந்தேன். போன வாரமும் வந்தேன். நீதேன் மொகங்குடுக்காம ஏத்திவிட்ட."

அன்னக்கொடி இடுப்பிலிருந்து கையை எடுத்தாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அந்த எருக்குவியலின் மேலேயே உட்கார்ந்து குலுங்கினாள், சிரிக்கிறாளா அழுகிறாளா என்று யாருக்கும் தெரியவில்லை. ஒச்சாயி சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.